ஃபே என்றால் பேய் இல்லை: கற்பனை உலகம் கட்டப் புதிதாக வருபவர்களுக்கு

எங்கள் ஆட்டம் சனிக்கிழமை இரவுகளில், சிங்கப்பூரில் தோ பாயோவில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடக்கிறது. ஐந்து பேர், ஒரு பை நிறையப் பகடைகள், ஆறாவது நாற்காலியில் பூனை. ரோல்பிளே ஆட்டம்தான், ஆனால் தமிழில். கதையை நான் நடத்துவேன். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். அயர்லாந்து, ஸ்காட்லாந்து நாட்டுப்புறக் கதைகளில் வரும் மாய மக்களுக்கு ஃபே என்று பெயர். முதன்முதலாக "இந்தக் காட்டில் ஃபே இருக்கு" என்று நான் சொன்னபோது, தேசிய சேவையிலிருந்து வாரயிறுதிக்கு வீட்டுக்கு வந்திருந்த தம்பி நிமிர்ந்து பார்த்து, "பேயா அக்கா?" என்றார். "பேய் இல்ல, ஃபே." "அதான், பேய்." மேசை முழுக்கச் சிரிப்பு. அன்று நான் கொண்டுவந்த உருவத்துக்கும் அதே சிரிப்புதான் கிடைத்தது: உள்ளங்கை உயரம், தும்பிச் சிறகு, தலைக்கு மேல் காளான் குடை.

அடுத்த மாதம் வேறு மாதிரி செய்து பார்த்தேன். வாய்க்கால் ஓரம் ஒரு கல் பெஞ்சு. அதில் நன்றாக உடுத்திய நடுவயதுப் பெண்மணி, மடியில் ஒரு நோட்டுப் புத்தகம். பாலத்தைத் தாண்ட வந்தவர்களிடம் மரியாதையாக, "உங்க பேரைக் குடுங்க" என்றாள். கிளினிக்கில் பதிவு செய்பவர் கேட்பாரே, அதே தொனி. தம்பி யோசிக்காமல் தன் பாத்திரத்தின் பெயரைச் சொல்லிவிட்டார். அவள் எழுதிக்கொண்டு, "நன்றி, இனிமே இது என்னுது" என்றாள். அதற்கப்புறம் அந்த ஆட்டத்தில் யாராலும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியவில்லை. கூட வந்த தோழர்களுக்கே மறந்துபோனது. அன்று ஒருவரும் சிரிக்கவில்லை.

முதலாவதுக்கு நான் உருவம் மட்டும் கொடுத்திருந்தேன். இரண்டாவதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. ஃபே இனங்களைப் பிரிப்பதும் அந்த நிபந்தனையை வைத்துத்தான். ஆட்டம் நடத்துவோரை மனதில் வைத்து எழுதுகிறேன். கதை எழுதுகிறவர்களுக்கும் இது அப்படியே பொருந்தும்.

முதல் படி: சிறகைக் கழற்றி வையுங்கள்

ஃபே என்ற சொல்லின் வேர், லத்தீனில் விதியைக் குறிக்கும் 'ஃபாட்டா'. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. அயர்லாந்தில் இவர்களுக்கு 'ஈஸ் ஷீ' என்று பெயர். மேட்டு மக்கள் என்று பொருள். புல் மூடிய பழங்காலப் புதைமேடுகளுக்குள் குடியிருப்பவர்கள். ஆள் உயரம், சில கதைகளில் நம்மைவிடவும் உயரம். அரசன், அரசி, குதிரை, விருந்து, இசை எல்லாம் உண்டு. சிறகு கிடையாது. அதை ஒட்டிவிட்டவர்கள் பெரும்பாலும் 18, 19ஆம் நூற்றாண்டு ஓவியர்களும் மேடை நாடகக்காரர்களும்தான்.

ஒட்டிய சிறகு எவ்வளவு பலமாக ஒட்டிக்கொண்டது என்பதற்கு ஒரு கதை உண்டு. 1917இல் இங்கிலாந்தின் காட்டிங்லி கிராமத்தில் 16 வயது எல்சி ரைட்டும் 9 வயது பிரான்சஸ் கிரிஃபித்ஸும், ஒன்றுவிட்ட அக்கா தங்கைகள், சிறகு முளைத்த குட்டி உருவங்களோடு படம் எடுத்தார்கள். துப்பறியும் கதைகளால் பேர்போன ஆர்தர் கானன் டாயில் அதை நம்பி 1920இல் பத்திரிகையிலேயே எழுதினார். அட்டையில் வரைந்து வெட்டித் தொப்பி ஊசியால் குத்தி நிறுத்தியது என்று அவர்கள் ஒப்புக்கொண்டது 1983இல்தான். படத்தில் இருந்தவை சிறகு இல்லாமல் நின்றிருந்தால் இத்தனை பேர் நம்பியிருப்பார்களா என்பது சந்தேகம்.

சரி, உருவத்தை ஒதுக்கியாயிற்று. முதலில் எழுத வேண்டியது உங்கள் உலகத்து ஊர்க்காரர்கள் இவர்களை எப்படிக் குறிப்பிடுகிறார்கள் என்பது. அயர்லாந்துக்காரர்கள் நேரடியாகப் பெயர் சொல்லமாட்டார்கள்; 'நல்லவர்கள்' என்பார்கள். ஸ்காட்லாந்தில் 'நல்ல அண்டை வீட்டார்'. நமக்கு இது புதிதில்லை. கடித்தால் ஆளை முடித்துவிடும் நாகத்துக்கு நாம் வைத்த பெயர் நல்ல பாம்பு. இருட்டிய பிறகு அந்தச் சொல்லும் வாயில் வராது, 'பூச்சி' என்போம். அம்மை போட்டால் நோய் என்று சொல்லாமல் ஆத்தா வந்திருக்கிறாள் என்போம். பயமும் மரியாதையும் சேர்ந்த இடத்தில் பேச்சு இப்படித்தான் வளையும். எங்கள் ஆட்டத்தில் கிராமத்தார் சொல்வது 'அந்தப் பக்கத்தவங்க'. அந்த ஒரு சொல் வந்தாலே மேசையில் குரல் தணிந்துவிடுகிறது.

'தேவதை' என்று மொழிபெயர்க்காதீர்கள். தேவதை என்றதும் நமக்குச் சாமி நினைவுக்கு வரும், இல்லாவிட்டால் சினிமாப் பாட்டுக் காதலி. பொருத்தமாக ஒரு தமிழ்ச் சொல் வேண்டுமென்றால் பழைய இலக்கியத்துக்குப் போகலாம். திருமுருகாற்றுப்படையில் சோலையில் கூடி ஆடும் சூரரமகளிர் வருகிறார்கள். மலைச்சாரலில் வரையரமகளிர். அழகு, ஆட்டம், காடு, அருகே போனால் ஆபத்து என்று எல்லாம் சேர்ந்தே இருக்கிறது. என் உலகத்தில் அரசவைப் பெண்களுக்கு நான் வைத்திருக்கும் பெயர் சூரரமகளிர்தான்.

இரண்டாம் படி: யார் எங்கே இருக்கிறார்கள்

புதிதாக வருகிறவர்கள் நல்ல ஃபே, கெட்ட ஃபே என்று இரண்டு பட்டியல் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். ஸ்காட்லாந்து மரபிலேயே சீலி, அன்சீலி என்று இரண்டு கூட்டம் இருப்பதால் வரும் குழப்பம். சீலிக்காரர்கள் உதவி செய்தால் திருப்பிச் செய்வார்கள், சீண்டினால் முதலில் எச்சரிப்பார்கள். அன்சீலிக்காரர்களுக்குச் சீண்டவே வேண்டாம். இவ்வளவுதான் வித்தியாசம். சீலி அரசியின் விருந்துக்குப் போனவனும் தொலைந்துபோகலாம்.

அதனால் இடத்தை வைத்துப் பிரியுங்கள். உங்கள் வரைபடத்தை விரித்து நீர், வீடு, சுரங்கம், பாழடைந்த கோட்டை, மேடு என்று குறியுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஆள் தயாராக இருக்கிறது.

நீரில் கெல்பி. ஸ்காட்லாந்து ஆற்றங்கரையில் தனியாக நிற்கும் அழகான குதிரை. குழந்தைகள் ஏறுவார்கள், ஏறினால் தோலோடு கை ஒட்டிக்கொள்ளும், குதிரை ஆழத்துக்குப் போய்விடும். ஒரு பையன் விரலால் மட்டும் தொட்டுவிட்டு, ஒட்டிக்கொண்ட விரலை வெட்டிக்கொண்டு தப்பித்தான் என்று ஒரு கதை. அதன் கடிவாளம் யார் கையில் இருக்கிறதோ அவர் சொன்னபடி அது உழைக்கும். கடலில் செல்கி: ஆர்க்னி, ஷெட்லாந்து தீவுகளில் சொல்லப்படுவது. கடல்நாய், கரைக்கு வந்தால் தோலைக் கழற்றி வைத்துவிட்டு மனிதராக நடக்கும். தோலை ஒளித்துவைத்தவனுக்கு மனைவியாக இருக்கும். என்றைக்குத் தோல் கிடைக்கிறதோ அன்றைக்கே, பிள்ளைகளையும் விட்டுவிட்டு, கடல். இரண்டும் தண்ணீர்தான். ஆனால் கெல்பி கதையில் பயப்பட வேண்டியவர் நாம், செல்கி கதையில் குற்றவாளியே நாம்தான்.

வீட்டில் பிரௌனி. எனக்கு மிகப் பிடித்தது இதுதான், கொஞ்சம் அதிகமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் எல்லாரும் தூங்கிய பிறகு வந்து பாத்திரம் துலக்கும், தானியம் அடிக்கும், பெருக்கும். அடுப்பங்கரையில் கொஞ்சம் பாலோ பாலேடோ வைத்தால் போதும். வைக்கலாம், ஆனால் கூலி என்று சொல்லிக் கொடுக்கக் கூடாது. கந்தலைப் பார்த்து இரக்கப்பட்டுப் புதுத்துணி தைத்துக் கொடுத்தால் அன்றோடு போய்விடும், திரும்பி வராது. ஏன் என்பதற்கு ஊருக்கு ஒரு காரணம்: மானம் போய்விட்டது என்பார்கள், கடன் தீர்ந்தது என்பார்கள், புதுத்துணி போட்டவன் எதற்கு வேலை செய்ய வேண்டும் என்பார்கள். காரணத்தை நீங்கள் தேர்ந்தெடுங்கள். உங்கள் உலகத்தில் உழைப்புக்கு என்ன மதிப்பு என்பதும் அதில் முடிவாகிவிடும்.

இதே பிரௌனியைக் கேலி செய்தாலோ குறை சொன்னாலோ போகார்ட் ஆகிவிடும். பால் புளிக்கும், பாத்திரம் உருளும், தூங்குகிறவர் போர்வை பறிபோகும். பொறுக்க முடியாத ஒரு குடும்பம் வண்டியில் சாமான் ஏற்றி ஊரைவிட்டுக் கிளம்புகிறது. வழியில் ஒருவர், "என்ன, வீடு மாறுறீங்களா?" என்று கேட்க, வண்டியில் இருந்த பானைக்குள்ளிருந்து குரல்: "ஆமாம், மாறுறோம்." குடும்பத் தலைவர் பெருமூச்சு விட்டு வண்டியைத் திருப்பிவிடுகிறார், எப்படியும் அதோடுதான் இருக்க வேண்டும் என்றால் பழைய வீடே தேவலை. இரண்டும் இரண்டு இனம் அல்ல என்பதைக் கவனியுங்கள். ஒரே ஆள், நீங்கள் நடத்திய விதம் வேறு.

சுரங்கத்தில் நாக்கர். இங்கிலாந்தின் கார்ன்வால் வெள்ளீயச் சுரங்கங்களில், பாறைக்குள் தட்டும் சத்தம் கேட்டால் சரியப் போகிறது என்று எச்சரிக்கிறார்கள் என்று நம்பினார்கள். தங்கள் சாப்பாட்டில் கடைசித் துண்டை அவர்களுக்கென்று போட்டுவிட்டு வருவார்கள். பாழடைந்த எல்லைக் கோட்டையில் ரெட்கேப்: நீளப் பல், கழுகு நகம், இரத்தத்தில் தோய்த்த தொப்பி. இது பேசாது, பேரம் பேசாது. தாக்கும். புதியவர்களுக்கு எளிது என்று எல்லாரும் இதைத்தான் முதலில் எடுக்கிறார்கள். நான் கடைசியில் வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

சதுப்பு நிலத்தில் ஆளை இழுத்துப் போகும் விளக்கு வெளிச்சம் இருக்கிறதே, அதைப் பற்றித் தமிழ் வாசகருக்கு ஒரு வரி கூட விளக்க வேண்டியதில்லை. கொள்ளிவாய்ப் பிசாசு. சுங்கை பூலோ பக்கம் சதுப்புநிலக் காட்டில் பலகைப் பாதையில் அந்தி நேரத்தில் ஒரு தரம் நடந்து பாருங்கள், வர்ணனை தானாக வரும். அங்கே முதலையும் உண்டு, ஓரமாகக் குனிய வேண்டாம்.

மிச்சம் மூவரைச் சுருக்கமாக: லெப்ரகான் தனியாகத் திரியும் செருப்புத் தைப்பவன், கண்ணெடுத்தால் மறைந்துவிடுவான். பூக்கா உருவம் மாறும், பெரும்பாலும் கறுப்புக் குதிரை. பான்ஷீ சில பழைய ஐரிஷ் குடும்பங்களுக்கு மட்டும் வந்து சாவுக்கு முன் ஒப்பாரி வைப்பாள். விளையாட்டுகளில் அவளை அலறிக் கொல்லும் பூதமாக ஆக்கிவிட்டார்கள், எனக்கு அதில் வருத்தம். அவள் கொல்வதில்லை. சேதி சொல்கிறாள், அழுகிறாள். ஒப்பாரி தெரிந்த மொழியில் இருந்துகொண்டு அவளைக் கத்தவிட வேண்டாமே. மாரடித்து, அடுக்கடுக்காக உறவுமுறை சொல்லி அழட்டும்.

மூன்றாம் படி: எது கட்டும், எது கட்டாது

இரும்பு. பழங்கதைகளில் கத்தி, லாடம், ஆணி எதுவானாலும் இவர்கள் விலகுவார்கள். என் பாட்டி ஈசூனிலிருந்து அங் மோ கியோவில் இருந்த சித்தி வீட்டுக்கு ஆட்டுக்கறிக் குழம்பு கொடுத்தனுப்பும்போது, தூக்குவாளி மூடிமேல் ஒரு கரித்துண்டும் ஓர் ஆணியும் வைத்துத் துணியால் கட்டுவார். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த சீனப் பாட்டி ஒருநாள் அதைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் புரிந்த மாதிரி தலையாட்டினார். எனக்குப் பத்து வயது. வாடைக்கு வருபவர்கள் இரும்புக்கு ஒதுங்குவார்கள் என்பது பாட்டியின் கணக்கு. ஸ்காட்லாந்துக் கிழவியின் கணக்கும் அதுவேதான்.

ஆனால் ஒரே விதியை எல்லாருக்கும் போடாதீர்கள். மேலே சொன்ன ரெட்கேப் இரும்புக் காலணியே போட்டுக்கொண்டு திரிபவன். பிரௌனி இரும்புச் சட்டி கழுவும் வீட்டில்தான் இருக்கிறது. இனத்துக்கு ஒரு கட்டு என்று குறித்துக்கொள்ளுங்கள்: ஒருவருக்கு இரும்பு, ஒருவருக்குக் கடிவாளம், ஒருவருக்குத் தோல், ஒருவருக்குப் புதுத்துணி.

சாப்பாடு. அங்கே சாப்பிட்டால் அங்கேயே. இது உங்கள் மேசையில் எடுபடுமா என்று யோசியுங்கள். நம் ஆட்களிடம் "சாப்பிடாதீங்க" என்பது பெரிய சோதனை, ஏனென்றால் வேண்டாம் என்று சொல்வது விருந்தோம்புகிறவரை அவமதிப்பது. நான் அதைத்தான் பயன்படுத்துவேன். அரசி தன் கையாலேயே இலையில் பரிமாறி, "கொஞ்சமாவது சாப்பிடுங்க, மனசு கஷ்டப்படுது" என்று மூன்று முறை சொல்வாள். மூன்றாவது முறைக்குள் யாராவது கண்டிப்பாகக் கை வைத்துவிடுவார்.

நேரம். ஐரிஷ் வீரன் ஓஷீன் இளமை நாட்டில் மூன்று வருஷம் இருந்ததாக நினைத்துத் திரும்பினால் ஊரில் முந்நூறு வருஷம் போயிருந்தது. அவனை அங்கே அழைத்துப்போன இளவரசி, குதிரையிலிருந்து இறங்காதே என்று சொல்லித்தான் அனுப்பினாள். தவறி விழுந்து மண்ணைத் தொட்டதும் கிழவனாகிவிட்டான். நமக்கு ஒரு வருஷம் தேவர்களுக்கு ஒரு நாள் என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கு உறுத்தாது. எதற்கும் அந்தப் பக்கம் ஒரு மணி நேரம் இந்தப் பக்கம் எத்தனை நாள் என்று முன்பே எழுதிவையுங்கள். நான் எழுதிவைக்காமல் ஒரு தரம் மாட்டிக்கொண்டேன். ஒரு பாத்திரத்தின் கல்யாணத்தைத் தேதியோடு அறிவித்துவிட்டு, கணக்குப் பார்த்தால் மாப்பிள்ளை மேட்டுக்குள் இருந்தபோதே அது நடந்து முடிந்திருந்தது.

பொய் சொல்ல முடியாதவர்கள் என்பது பழைய கதைகளில் இவ்வளவு கறாராக இல்லை, இன்றைய ஃபேண்டஸி கெட்டிப்படுத்திய விதி. ஆனால் ஆட்டத்துக்கு அருமையான விதி. வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: பேரத்தை எழுதுங்கள்

இதற்குச் சரியான பாடம் நம் ஊரிலேயே இருக்கிறது. மலாய் வரலாற்று நூலான 'செஜாரா மெலாயு'வில் வரும் பாடாங்கின் கதை.

பாடாங் ஓர் அடிமை. ஆற்றில் மீன்பொறி வைப்பான், காலையில் போய்ப் பார்த்தால் முள்ளும் செதிலும்தான் மிச்சம். ஒருநாள் நாணலில் ஒளிந்திருந்து பார்க்கிறான்: நெருப்புக் கண், சடைமுடி, இடுப்புவரை தாடி, ஒரு நீர்ப்பூதம். பயத்தை விழுங்கிக்கொண்டு தாடியைப் பிடித்துவிடுகிறான். விட்டுவிடு, கேட்டதைத் தருகிறேன் என்கிறது. இந்த இடத்தில் பாடாங் நின்று யோசிக்கிறான் பாருங்கள், கதையின் உயிரே அங்கேதான். பொன் கேட்டால் எஜமான் பிடுங்கிக்கொள்வான். மறைந்துபோகும் வித்தை கேட்டால் பிடித்துக் கொன்றுவிடுவார்கள். பலம் கேட்டால் எஜமான் வேலையைக் களைப்பில்லாமல் செய்யலாம். பலம் கேட்கிறான். சரி, அப்படியானால் நான் வாந்தி எடுப்பதைச் சாப்பிடு என்கிறது பூதம். தாடியை விடாமல் சாப்பிடுகிறான்.

பிறகு அவன் சிங்கபுர ராஜாவின் மல்லன் ஆகிறான். இந்தியக் கரையிலிருந்து, மலாய் நூல் 'கெலிங்' நாடு என்று சொல்லும் நம் பக்கத்திலிருந்து, ஒரு மல்லன் ஏழு கப்பலைப் பந்தயம் வைத்துப் போட்டிக்கு வருகிறான். அரண்மனைக்கு முன் கிடந்த பாறையை அவனால் முழங்கால்வரைதான் தூக்க முடிந்தது. பாடாங் தூக்கி ஆற்று வாய்க்கே எறிந்துவிட்டான். சிங்கப்பூர் ஆற்று முகத்தில் எழுத்துப் பொறித்து நின்ற பெரிய கல் அதுதான் என்று சொல்லுவார்கள். 1843இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஒரு துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. நம் ஆள் தோற்ற கதை என்றாலும் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இப்போது பாடாங் கதையைப் பிரித்துப் பாருங்கள். பிடி எது? தாடி. கேட்டது என்ன, ஏன் மற்றதைக் கேட்கவில்லை? விலை என்ன? பணமோ ரத்தமோ இல்லை, அருவருப்பு. இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதாமல் ஒரு ஃபேயையும் மேசைக்குக் கொண்டுவராதீர்கள். விலையில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஆன்மா, முதல் குழந்தை என்று பெரிய பெரிய விலையாக வைப்பார்கள். ஆட்டக்காரர் கொடுக்கவே மாட்டார், கதை அங்கேயே நின்றுவிடும். கொடுக்கக் கூடியதாக, கொடுத்த பிறகு உறுத்துவதாக இருக்க வேண்டும். மழை வாசனை இனி மூக்குக்குத் தெரியாது. அம்மா கூப்பிட்டால் மட்டும் காது கேட்காது. இந்த அளவு போதும்.

ஏமாற்றுவதற்கும் ஒரு பாடம் வேண்டுமென்றால் சிலப்பதிகாரத்தில் காடுகாண் காதை. பொய்கைக் கரையில் தனியாக நிற்கும் கோவலனிடம் காட்டுத் தெய்வம் மாதவியின் தோழி வசந்தமாலையின் உருவத்தில் வந்து காலில் விழுந்து அழுகிறது. அவன் சந்தேகப்பட்டு மந்திரம் சொல்ல, உண்மையை ஒப்புக்கொள்கிறது: நான் வனசாரிணி, உன்னை மயக்கப் பார்த்தேன், இதைக் கண்ணகியிடமும் கவுந்தியடிகளிடமும் சொல்லாமல் போ. அந்தக் கடைசி வேண்டுகோள் எனக்கு மிகப் பிடிக்கும். பிடிபட்ட பிறகும் மானத்தைப் பார்க்கிறது. பயணியின் மனதில் ஏற்கெனவே அரித்துக்கொண்டிருக்கும் முகத்தை எடுத்துக்கொண்டு வரவேண்டும் என்பதும் அதற்குத் தெரிந்திருக்கிறது.

ஐந்தாம் படி: சொந்தமாக ஒன்று செய்யுங்கள்

ஸ்காட்லாந்து இனங்களை அப்படியே இறக்கினால் பனியும் ஓக் மரமும் சேர்ந்து வரும். ஒன்றாவது இந்த ஊர் மண்ணில் முளைக்கட்டும். நான் செய்ததைக் காட்டுகிறேன்.

பழைய வீவக (அரசாங்க அடுக்குமாடி வீடுகள்) புளோக்குகளில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது, உங்களுக்கு நினைவிருக்கலாம். சில மாடிகளில்தான் நிற்கும். மற்ற மாடிக்காரர்கள் ஏறியோ இறங்கியோ போக வேண்டும். 2001இல் தொடங்கிய மேம்பாட்டுத் திட்டத்தில்தான் படிப்படியாக மாடிக்கு மாடி நிற்கும்படி மாற்றினார்கள். நிற்காத அந்த மாடிகளில் யார் இருந்திருப்பார்கள்?

நடுமாடிக்காரி. தேக்கா சந்தையிலிருந்து காய்கறிப் பையோடு வரும் வயதானவர்கள் மின்தூக்கியை விட்டு இறங்கி மூச்சு வாங்கும்போது, பை கொஞ்சம் லேசாகும். திரும்பிப் பார்க்கக் கூடாது. வீட்டு வாசலில் செருப்பு ரேக்மேல் ஒரு வெற்றிலையோ ஒரு முறுக்கோ வைத்துவிட வேண்டும். இது பிரௌனி. பிறகு மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்க ஆரம்பித்தது. அவளுக்கு வேலை போனது. யாரும் அவளிடம் சொல்லவும் இல்லை. இப்போது இரவில் பொத்தான்கள் எல்லாம் தானாக எரிகின்றன, ஆள் இல்லாத மாடியில் கதவு திறந்து அப்படியே நிற்கிறது, கொண்டுபோகும் பை மட்டும் கனத்துக்கொண்டே போகிறது. இது போகார்ட். கட்டு: படிக்கட்டில் ஏறுகிறவரை அவளால் ஒன்றும் செய்ய முடியாது. விலை: அவளுக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும், அதுவும் நிஜமாகத் தேவைப்படும் வேலை. இரக்கத்துக்குக் கொடுத்தால் கண்டுபிடித்துவிடுவாள்.

செய்முறை புரிகிறதா? ஊரில் மாறிப்போன ஒன்றை எடுங்கள். அதை நம்பி யார் இருந்தார்கள் என்று கேளுங்கள். பழைய இனம் ஒன்றின் எலும்பை உள்ளே வையுங்கள். லோங்காங் என்னும் சாக்கடை வாய்க்கால், மூடிய கோப்பிக்கடை, இடித்துக் கட்டிய பள்ளிக்கூடம், எல்லாவற்றிலும் ஆள் இருக்கிறது.

ஆறாம் படி: கை வைக்கக் கூடாதவை

அண்டை வீட்டு மரபுகளை எடுக்கும்போது கேட்டு எடுங்கள். மலாய்க்காரர்கள் சொல்லும் ஓராங் புனியான், காட்டிலும் மலையிலும் கண்ணுக்குத் தெரியாமல் நம்மைப் போலவே ஊரும் குடும்பமுமாக வாழ்பவர்கள், ஐரிஷ் மேட்டு மக்களுக்கு மிக நெருக்கம். என் மேசையில் ஒரு மலாய்த் தோழி உட்காருகிறார். தன் பாட்டி அவர்களைப் பற்றி எந்தத் தொனியில் பேசுவார் என்று அவர் சொன்ன பிறகுதான் பயன்படுத்தினேன். வேட்டையாடும் பூதமாக ஆக்கவில்லை. வழிபாட்டில் இருப்பவர்களை, சீனர்கள் கும்பிடும் டத்தோ கோங், நம் முனீஸ்வரர் போன்றவர்களை, ஃபே பட்டியலில் சேர்க்கவே மாட்டேன். நாளைக்குக் காலையில் ஒருவர் போய்க் கும்பிடப் போகும் சாமியை இன்றிரவு நான் பகடை உருட்டித் தோற்கடிக்க முடியாது.

இன்னொன்று மாற்றுப்பிள்ளை. குழந்தையை எடுத்துக்கொண்டு தங்கள் பிள்ளையை ஃபே விட்டுவிட்டுப் போகும் கதை. கேட்க மாயமாக இருக்கும். ஆனால் நோயாளிக் குழந்தைகளையும் வேறுபட்டு வளர்ந்த குழந்தைகளையும் இப்படிச் சொல்லித்தான் வதைத்தார்கள். 1895இல் அயர்லாந்தின் டிப்பரரியில் பிரிஜட் கிளியரி என்ற இளம்பெண்ணை, இவள் என் மனைவி இல்லை, மாற்றி வைத்துவிட்டார்கள் என்று சொல்லிக் கணவனே எரித்தான். உறவினர்களும் கூட இருந்தார்கள். இந்த இனத்தைப் பயன்படுத்துவதானால் மாறி வந்த பிள்ளையின் பக்கம் நின்று கதை சொல்லுங்கள். மேசையில் யாருக்காவது வேண்டாம் என்றால், காரணம் கேட்காமல் விட்டுவிடுங்கள்.

ஏழாம் படி: முதல் ஆட்டம்

ஓர் இடம், ஒரு ஃபே, ஒரு நிபந்தனை. இரண்டாவது ஃபே வேண்டாம். இருவரும் ஒருவரோடொருவர் பேச ஆரம்பித்தால் ஆட்டக்காரர்கள் போனை எடுத்துவிடுவார்கள். நிபந்தனையை முதலிலேயே சொல்லிவிடாதீர்கள், ஆனால் ஊர்க்காரர் ஒருவர் வாயில் பாதியாக வரட்டும்: "அந்தப் பாலத்துல யாராவது கேட்டா, ஊர் பேர் மட்டும் சொல்லுங்க." ஏன் என்று கேட்டால் அவர் பேச்சை மாற்றட்டும்.

ஃபேயைக் கத்தவைக்காதீர்கள். மெதுவாக, 'ங்க' போட்டுப் பேசட்டும். மரியாதை கூடக்கூட மேசையில் பயம் கூடுவதை நீங்களே பார்ப்பீர்கள். அவள் 'நீங்க'விலிருந்து 'நீ'க்கு மாறும் ஒரு தருணத்தை வைத்துக்கொள்ளுங்கள், ஒரே ஒரு முறை. பகடையை எடுக்கச் சொல்வதை முடிந்தவரை தள்ளிப்போடுங்கள். பேரத்தைப் பேச்சிலேயே முடிக்க விடுங்கள். வாயிலிருந்து வந்த வார்த்தையை அப்படியே குறித்துக்கொள்ள ஒரு நோட்டுப் புத்தகம் பக்கத்தில் இருக்கட்டும். பிறகு சண்டை வரும், "நான் அப்படிச் சொல்லலையே" என்பார்கள். நோட்டைத் திருப்பிக் காட்டுங்கள். நான் அதற்கென்றே சிவப்பு அட்டை நோட்டு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். இப்போதெல்லாம் அதைத் திறந்தாலே பேச்சு நின்றுவிடுகிறது.

இரண்டரை மணி நேரம் போதும். கடைசிப் பேருந்துக்கு முன் முடியுங்கள். பெயரைப் பறிகொடுத்த அந்தத் தம்பியின் பாத்திரம் இன்னும் பெயர் இல்லாமல்தான் திரிகிறது. திரும்ப வாங்க மூன்று முறை வாய்ப்புக் கொடுத்தேன், மூன்று முறையும் விலை அதிகம் என்று சொல்லிவிட்டார். போன சனிக்கிழமை படகுத்துறையில் ஒரு முதியவர் அவரிடம் யாருப்பா நீ என்று கேட்டார். தம்பி கொஞ்ச நேரம் பகடையை உருட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்துவிட்டு, "பாலத்தடிப் பொம்பளைகிட்டக் கேளுங்க, அவங்ககிட்டதான் இருக்கு" என்றார்.